ஜீப்பை உயர்த்தும் சுருள்வில்

தருமபுரி மாவட்டத்தின் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்து, தொப்பூர்க் கணவாய் வழியாகச் சேலத்துக்கு இறங்குகிறது தேசிய நெடுஞ்சாலை. அதற்குக் கிழக்கே வத்தல்மலையும் சித்தேரி மலையும். மேற்கே பென்னாகரம், ஒகேனக்கல் காடுகள். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கும் இம்மலைகளின் மண் பாதையில் ஏறும் வண்டிக்கும் தேவை வேறு வேறு. மழை அரித்துப் பாறை துருத்திய பாதையில் முதலில் இடிபடுவது வண்டியின் அடிவயிறுதான்.

ஆகவே, வண்டியை இரண்டு அங்குலம் ‘தூக்கிக் கட்டும்’ வழக்கம் ஏற்பட்டது. இதற்கென்றே நீண்ட அல்லது தடித்த சுருள்வில்கள் கடைகளில் கிடைக்கின்றன. பெட்டியைப் பிரித்து மாட்ட ஒரு நாள் போதும். ‘ஒரே கம்பெனி வண்டிதான், எல்லாவற்றுக்கும் இதே ஸ்பிரிங்தான்’ என்று விற்பவர் சொல்லிவிடுவதும் உண்டு. ஒரே பெயருள்ள குட்டை வண்டிக்கும் நீண்ட வண்டிக்கும் ஒரே சுருள்வில் பொருந்துமா? பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதை விளக்க மேல்நிலை வகுப்பில் நீங்கள் படித்த இயற்பியலே போதும். ஹூக் விதி, திருப்புத்திறன், தனிச்சீரிசை இயக்கம் ஆகிய மூன்றையும் கையில் வைத்துக்கொண்டால் கடைக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் தாமாகவே வந்துவிடும்.

முன் சக்கரத்தின் மையத்துக்கும் பின் சக்கரத்தின் மையத்துக்கும் இடையே உள்ள தூரத்தை அச்சிடைத் தூரம் என்போம். பழைய மகிந்திரா சி.ஜே. 3பி ஜீப்புக்கு இது 80 அங்குலம், அதாவது 2032 மி.மீ. 1980களில் வந்த எம்.எம். 540க்கு 2310 மி.மீ. 1985இல் வந்த மாருதி ஜிப்சிக்கு 2375. மகிந்திரா தார் 2020இல் புது வடிவம் பெற்றபோது 2450 மி.மீ.; 2024இல் வந்த அதன் ஐந்து கதவு உடன்பிறப்பான ராக்ஸுக்கு 2850. சுசுகி ஜிம்னியின் மூன்று கதவு வடிவத்துக்கு 2250. 2023இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு வடிவத்துக்கு 2590. பெயர் ஒன்றே, நீளம்தான் வேறு.

ஜிம்னியை நாம் விடாமல் பிடித்துக்கொள்வோம். அது இயற்பியல் ஆசிரியனுக்கென்றே செய்த வண்டி போன்றது. இரு வடிவங்களுக்கும் தரை இடைவெளி 210 மி.மீ. என்றே தயாரிப்பாளர் தருகிறார். ஆனால் ஒரு மேட்டின் முகட்டை வயிறு இடிக்காமல் கடக்கக்கூடிய கோணம் குட்டை வண்டிக்கு 28 பாகை, நீண்ட வண்டிக்கு 24 பாகை. உயரம் ஒன்றாக இருக்க, கோணம் ஏன் குறைந்தது?

ஒரு தாளில் வரைந்து பாருங்கள். சக்கரங்கள் தரையைத் தொடும் இரு புள்ளிகளை ஒரு கோட்டால் இணையுங்கள். அக்கோட்டின் நடுவே, வயிற்றின் உயரத்தில் ஒரு புள்ளி வைத்து முக்கோணமாக்குங்கள். அடிக்கோணம் ஒவ்வொன்றின் டேன்ஜென்ட், வயிற்றின் உயரத்தை அச்சிடைத் தூரத்தின் பாதியால் வகுத்த ஈவு. இரு அடிக்கோணங்களின் கூடுதலே முகட்டுக் கோணம். டயர் உருண்டையாக இருப்பதால் உண்மையான கோணம் இதைவிடச் சற்றுக் கூடும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இக்கணக்கு போதும்.

வயிற்றின் உயரம் 250 மி.மீ. எனக் கொள்வோம். 2250 மி.மீ. வண்டிக்கு முகட்டுக் கோணம் சுமார் 25 பாகை, 2850 மி.மீ. வண்டிக்குச் சுமார் 20 பாகை. இப்போது இரண்டையும் 50 மி.மீ. உயர்த்துவோம். குட்டை வண்டி 30 பாகையை எட்டுகிறது. நீண்டது 24 பாகையோடு நிற்கிறது. நீண்ட வண்டியும் 30 பாகையை எட்டவேண்டுமானால் அதை 130 மி.மீ. உயர்த்தவேண்டும். ஐந்து அங்குலத்துக்கும் மேல்! அவ்வளவு உயர்த்துவது அறிவுடைமையன்று. நீண்ட வண்டி வைத்திருப்பவர், குட்டை வண்டி ஏறும் முகட்டில் எல்லாம் தாமும் ஏறலாம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, வயிற்றுக்கு அடியில் ஓர் இரும்புத் தகடு மாட்டிக்கொள்வது மலிவு.

இங்கே இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ஜிம்னி போன்ற வண்டிகளில் இரு சக்கரங்களையும் ஒரே திடமான அச்சு இணைக்கிறது. அதன் நடுவே உருண்டையாகத் தொங்குவது டிபரன்ஷியல் பெட்டி. சுருள்வில் இருப்பது அச்சுக்கு மேலே. ஆகவே எவ்வளவு நீண்ட வில்லை மாட்டினாலும் உயர்வது உடல்தான். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். டிபரன்ஷியல் பெட்டிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி சக்கரத்தின் ஆரத்தை மட்டுமே பொறுத்தது. நடுப்பாதையில் கிடக்கும் கல்லைத் தாண்டவேண்டும் என்பதற்காக வில்லை மாற்றுபவர் தவறான பொருளுக்குப் பணம் கொடுக்கிறார்.

(வில்லே இல்லாத ஊர்தியும் நம் மாவட்டத்தில் உண்டு. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது பென்னாகரம் பகுதியின் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைகள்தாம் சுமந்து சென்றன. அதன் அச்சிடைத் தூரம் மிகக் குறைவு. முகட்டுக் கோணத்தைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை.)

உயர்த்த இரு வழிகள்

சுருள்வில்லை ஒரு தாங்கியில் தொங்கவிட்டு, எடைகளை ஒவ்வொன்றாக ஏற்றி, நீட்சியை அளக்கும் சோதனையை ஆய்வுக்கூடத்தில் செய்திருப்பீர்கள். எடையை நீட்சியால் வகுத்தால் வில் மாறிலி. ராபர்ட் ஹூக் இவ்விதியை 1676இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக வெளியிட்டு, 1678இல் விடையைச் சொன்னார். பிறர் தம் கண்டுபிடிப்பைத் தமதென்று சொல்லிவிடுவார்களோ என்ற ஐயம் அவருக்கு!

வண்டியில் வில் அமுங்குகிறது, நீள்வதில்லை, கணக்கு ஒன்றே. ஒரு சக்கரத்தின் மேலுள்ள வில் 350 கிலோகிராம் எடையைத் தாங்குவதாகவும், அதன் மாறிலி மில்லிமீட்டருக்கு 2 கிலோகிராம் எடை என்றும் கொள்வோம். அது 175 மி.மீ. அமுங்கி நிற்கும். அந்த மூலையை 50 மி.மீ. உயர்த்த இரு வழிகள் உள்ளன. மாறிலியை மாற்றாமல் வில்லின் இயல்பு நீளத்தை 50 மி.மீ. கூட்டலாம். அல்லது நீளத்தை அப்படியே வைத்து, 125 மி.மீ. மட்டுமே அமுங்கும் விறைப்பான வில்லை மாட்டலாம். இரண்டாம் வழியில் மாறிலி 2.8 ஆகவேண்டும், அதாவது 40 சதவீதம் விறைப்பு.

உயரம் இரண்டிலும் ஒன்றே. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றல்ல. வில்லின் மேல் நிற்கும் எடை மேலும் கீழும் அலையும் அதிர்வெண்ணை, அது அமுங்கி நிற்கும் அளவிலிருந்தே கணக்கிட்டுவிடலாம். புவியீர்ப்பு முடுக்கத்தை அவ்வளவால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டு பையால் வகுக்கவேண்டும். 175 மி.மீ. அமுங்கிய வில்லுக்கு வினாடிக்கு 1.19 அலைவுகள், 125 மி.மீ. அமுங்கியதற்கு 1.41. ஒன்றரையை நெருங்க நெருங்கக் குலுக்கல் முதுகெலும்பில் தெரியும். மேடு வந்தால் சக்கரம் மட்டும் ஏறி இறங்காமல் வண்டியையும் தூக்கிக்கொண்டு துள்ளும். துள்ளும் சக்கரத்துக்குத் தரைப்பிடிப்பு இல்லை. பிடிப்பு இல்லாமல் மலை ஏறவும் முடியாது.

விறைப்பான வில் எளிதில் வந்துவிடும் என்பதும் தெரிந்திருக்கவேண்டும். சுருள்வில்லின் மாறிலி, கம்பியின் விட்டத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. சுருளின் விட்டத்தின் மும்மடிக்கும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கும் எதிர்விகிதத்தில் உள்ளது. 14 மி.மீ. கம்பிக்குப் பதில் 15 மி.மீ. கம்பி போட்டால் விறைப்பு 32 சதவீதம் கூடிவிடும். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரு வில்கள் அறவே வேறாக இருக்கலாம். வெர்னியர் அளவுகோல் ஆய்வுக்கூட அலமாரியில் தூங்கவேண்டிய பொருளன்று. வில் வாங்கப் போகும்போது அதைக் கொண்டுபோகலாம்.

பழைய ஜீப்புகளில் சுருள்வில் இல்லை, பட்டைவில். நம் பாட்டன்மார் ஏறிப்போன வில்வண்டியிலும் அதுவே இருந்தது. தகடுகளை அடுக்கிக் கட்டிய இந்த வில்லில் ஐந்து தகட்டுடன் அதே அளவில் ஆறாவது ஒன்றைச் சேர்த்தால் விறைப்பு 20 சதவீதம் ஏறும். தகட்டின் தடிப்பைக் கூட்டினாலோ மும்மடியாக ஏறும். லாரியின் ஸ்பிரிங் பிளேட் எவ்வளவு நல்ல எஃகு என்பது நம் கொல்லர்களுக்குத் தெரியும். தேய்ந்த பிளேட்டை அவர்கள் அரிவாளாக அடிப்பது அதனால்தான். ஆனால் லாரிப் பிளேட்டை ஜீப்பில் சேர்த்துக் கட்டி ‘உயர்த்துவது’ ஜீப்பைக் கட்டை வண்டியாக்கும் வழி.

சுமை எங்கே இருக்கிறது?

இனி நீளத்துக்கு வருவோம். வண்டி ஒரு நெம்புகோல். இரு அச்சுகளும் அதன் தாங்கிகள். சித்தேரியிலிருந்து புளி மூட்டை ஏற்றிவரும் ஒரு ஜீப்பை எடுத்துக்கொள்வோம். பின் அச்சுக்கும் 60 செ.மீ. பின்னால் 150 கிலோ சுமை. முன் அச்சை மையமாகக் கொண்டு திருப்புத்திறன் எடுத்தால், 2250 மி.மீ. வண்டியில் பின் அச்சு தாங்கவேண்டியது 150 அன்று, 190 கிலோ. கூடுதல் 40 கிலோ எங்கிருந்து வந்தது? முன் அச்சிலிருந்து. அங்கே 40 கிலோ குறைந்துவிட்டது. 2850 மி.மீ. வண்டியிலோ பின் அச்சுக்கு 182, முன் அச்சில் 32 குறைவு. ஒரே மூட்டை குட்டை வண்டியின் மூக்கை அதிகமாகத் தூக்குகிறது. முன் விளக்கின் ஒளி சாலையை விட்டு மரக்கிளைக்குப் போகிறது. எதிரே வருபவரின் கண்ணும் கூசுகிறது. திசைதிருப்பும் சக்கரங்களின் பிடிப்பும் தளர்கிறது.

ஆகவே வில் தேர்வில் முதல் கேள்வி ‘எத்தனை அங்குலம்?’ என்பதன்று, ‘எந்த அச்சில் எத்தனை கிலோ?’ என்பதே. ஐந்து கதவு ஜிம்னியின் எடை சுமார் 1200 கிலோ. மூன்று கதவு வடிவம் அதைவிடச் சுமார் 100 கிலோ இலகுவானது. மிகையான எடையில் 60 கிலோ பின் அச்சில் விழுவதாக வைத்துக்கொண்டால், ஒரு வில்லுக்கு 30 கிலோ. மில்லிமீட்டருக்கு 2 கிலோ என்ற மாறிலியுள்ள குட்டை வண்டி வில்லை நீண்ட வண்டியில் மாட்டினால், 50 மி.மீ. உயரும் என்று வாங்கியது 35 மி.மீ. மட்டுமே உயரும். மாறாக, நீண்ட வண்டிக்கான வில்லைக் குட்டை வண்டியில் மாட்டினால் பின்பக்கம் வேண்டியதற்கும் மேலே தூக்கி நிற்கும்.

மேட்டைத் தாண்டும் நேரம்

மேட்டில் முதலில் ஏறுவது முன் சக்கரம். பின் சக்கரம் சற்றுப் பொறுத்தே ஏறுகிறது. இந்த இடைவெளி, அச்சிடைத் தூரத்தை வேகத்தால் வகுத்த ஈவு. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் 2250 மி.மீ. வண்டிக்கு 0.41 வினாடி, 2850 மி.மீ. வண்டிக்கு 0.51 வினாடி. இதற்குள் முன்பக்கம் தன் அலைவைத் தொடங்கிவிடுகிறது. 1.19 அதிர்வெண் உள்ள வில்லின் அலைவு நேரம் 0.84 வினாடி. இடைவெளி நேரம் இதில் சரிபாதியாக, அதாவது 0.42 வினாடியாக இருந்தால், முன்பக்கம் இறங்கும்போது பின்பக்கம் ஏறும். வண்டி ஏற்றப்பலகை போல முன்னும் பின்னும் ஆடும். குட்டை வண்டிக்கு இது மணிக்கு 19 கி.மீ. வேகத்தில் நேர்கிறது, நீண்டதற்கு 24 கி.மீ. வேகத்தில். மலைப்பாதையில் நாம் ஓட்டும் வேகமே இதுதான் என்பதைக் கவனியுங்கள். அது மட்டுமன்று. முன்பக்கம் 50 மி.மீ. இறங்கி, பின்பக்கம் 50 மி.மீ. ஏறினால் குட்டை வண்டி இரண்டரைப் பாகை சாய்கிறது. நீண்டது இரண்டு பாகையே.

இந்த ஆட்டத்துக்கு மருந்து கண்டவர் மாரிஸ் ஆலி. ரோல்ஸ்-ராய்ஸில் பணியாற்றி, பின் 1930இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸின் காடிலாக் பிரிவுக்குச் சென்றவர். ஒரு காரின் இரு முனைகளிலும் நகர்த்தக்கூடிய எடைகளைத் தொங்கவிட்டு, வில்களை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார். பின் வில்லின் அதிர்வெண் முன் வில்லினுடையதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கவேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. பின்பக்கம் தாமதமாகத் தொடங்கினாலும் விரைவாக அலைவதால் ஓரிரு அலைவுக்குள் முன்பக்கத்தை எட்டிப்பிடித்துவிடும். பின் இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும். சேர்ந்த ஏற்ற இறக்கத்தை உடல் பொறுத்துக்கொள்ளும். முன்பின் ஆட்டத்தைப் பொறுப்பதில்லை. மலை ஜீப்பில் குழந்தைகள் வாந்தி எடுப்பதற்கு வளைவுகள் மட்டுமே காரணம் அல்ல.

அச்சிடைத் தூரம் கூடினால் பின்பக்கம் எட்டிப்பிடிக்கவேண்டிய தாமதமும் கூடுகிறது. ஆகவே அதே வேகத்துக்கு முன், பின் அதிர்வெண்களின் விகிதமும் சற்றுக் கூடவேண்டும். முன்பக்கம் வின்ச் மாட்டப்போகிறோம் என்று முன் வில்லை மட்டும் விறைப்பாக்குபவர் இவ்விகிதத்தைத் தலைகீழாக்கிவிடுகிறார். வில்களை நான்காகச் சேர்த்து, ஒரே தொகுப்பாகத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று சொல்வது விற்பனைத் தந்திரமல்ல.

ஹூக் மறுபடியும் வருகிறார்

கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டை ஓட்டுநர்கள் புரொப்பல்லர் ஷாஃப்ட் என்பார்கள். அதன் இரு முனைகளிலும் உள்ள மூட்டைப் பட்டறைகளில் கிராஸ் என்கிறோம். நூல்களில் அதற்குப் பெயர் ஹூக் மூட்டு. ஆம், அதே ஹூக்தான். ஓர் உயர்த்திய ஜீப்பில் அவருடைய வில் விதி அவருடைய மூட்டோடு சண்டை போடுகிறது!

உடலை உயர்த்தினால் கியர் பெட்டியும் உயரும்; அச்சு உயராது. தண்டு முன்னைவிடச் சரிவாகும். குட்டை வண்டியில் தண்டும் குட்டை. அதன் நீளம் 500 மி.மீ., தொடக்கச் சரிவு 10 பாகை எனக் கொண்டால், 50 மி.மீ. உயர்த்தியபின் சரிவு 16 பாகை. நீண்ட வண்டியில் தண்டு 900 மி.மீ. என்றால் அதே உயர்த்தலில் ஐந்தரைப் பாகை ஒன்பதை நெருங்குகிறது, அவ்வளவே.

சரிந்த மூட்டில் சுழற்சி சீராக இராது என்பதை ஹூக்கே 1670களில் அறிந்திருந்தார். கியர் பெட்டி ஒரே வேகத்தில் சுற்றினாலும், தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து, இருமுறை தயங்கும். 10 பாகைச் சரிவில் இந்த ஏற்றத்தாழ்வு ஒன்றரைச் சதவீதம். 16 பாகையில் 4 சதவீதம். மறுமுனையிலுள்ள மூட்டு அதே கோணத்தில் இருந்தால் இக்குறையை ஈடுசெய்துவிடும். ஆனால் உடலை உயர்த்தும்போது அச்சைப் பிடித்திருக்கும் கரங்கள் அச்சைச் சற்றே உருட்டிவிடுகின்றன. இரு கோணங்களும் வேறுபட்டுவிடும். நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் தரைத்தகடு அதிர்வதும், கிராஸ் அடிக்கடி தேய்வதும் இதனால்தான். முகட்டுக் கோணத்தில் ஆதாயம் பெற்ற குட்டை வண்டி இங்கே விலை கொடுக்கிறது. குட்டை வண்டிக்கு 50 மி.மீட்டருக்கு மேல் போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

முன் அச்சு உருண்டுவிட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு. சைக்கிளின் முன் கவை சாய்ந்திருப்பது கைப்பிடியைத் தானே நேராக்கிக்கொள்ள உதவுகிறது. வண்டியின் முன் சக்கரத்துக்கும் அத்தகைய சாய்வு உண்டு. உயர்த்தினால் அது குறைந்து, ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்ப மறுக்கும். கரங்களின் புஷ்களை மாற்றி இதைச் சரிசெய்யலாம்.

தொப்பூர் இறக்கம்

மலையில் ஏறுவதற்காக உயர்த்திய வண்டியே தொப்பூர் இறக்கத்திலும் இறங்கியாகவேண்டும். இங்கே கேட்கவேண்டியது புவியீர்ப்பு மையத்தின் உயரம். இடது, வலது சக்கரங்களின் இடைவெளி 1.4 மீட்டர், புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 70 செ.மீ. எனக் கொண்டால், வண்டி 45 பாகை சாயும்வரை கவிழாது. 50 மி.மீ. உயர்த்தினால் உடல் மட்டும் உயர்கிறது. அச்சும் சக்கரமும் உயர்வதில்லை. எனவே மையம் சுமார் 40 மி.மீ. ஏறும். கவிழும் கோணம் 43.4 பாகையாகிறது. ஒன்றரைப் பாகைதானே என்று தோன்றும். இப்போது 1200 கிலோ எடையுள்ள அவ்வண்டியின் கூரைமேல், தரையிலிருந்து 1.9 மீட்டர் உயரத்தில் 100 கிலோ மூட்டையை ஏற்றுங்கள். மையம் 83 செ.மீட்டருக்குப் போய்விடும்; கோணம் 40 பாகைக்கு இறங்கிவிடும். இதுவும் அசையாமல் நிற்கும் வண்டிக்கு. வளைவில் திரும்பும்போது வில்கள் ஒருபக்கம் அமுங்கி மையத்தை மேலும் வெளியே தள்ளும். உயர்த்திய வண்டியின் கூரையில் சுமை ஏற்றவேண்டாம். மலைக் கிராமத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வண்டிக்கு இதை இன்னும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். கூரைமேல் உட்காரும் இரண்டு பேரும் இயற்பியலுக்கு மூட்டைதான்.

ஏற்றத்திலும் நீளத்தின் பங்கு உண்டு. 20 பாகை ஏற்றத்தில், உயர்த்திய 1200 கிலோ வண்டியின் எடையில் 135 கிலோ முன் அச்சிலிருந்து பின் அச்சுக்கு மாறுகிறது, அது 2250 மி.மீ. வண்டியானால். 2850 மி.மீ. ஆனால் 107 கிலோ. குட்டை வண்டியின் மூக்கு ஏற்றத்தில் இலகுவாவதும், இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது ஆழமாகக் குனிவதும் இதனாலேயே.

நீங்களே அளக்கலாம்

இனி வில்லைத் தேர்ந்தெடுக்கும் முறை. முதலில் எடைமேடைக்குப் போங்கள். லாரிகளை நிறுக்கும் மேடையில் முன் சக்கரங்களை மட்டும் நிறுத்தி ஒரு சீட்டு, பின் சக்கரங்களை மட்டும் நிறுத்தி ஒரு சீட்டு வாங்குங்கள். வழக்கமாக ஏற்றும் சுமையோடு இன்னொரு முறை.

அடுத்து, சமதரையில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் மட்கார்டின் விளிம்புவரை உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எடை தெரிந்த நண்பர்கள் நால்வரைப் பின் அச்சுக்கு நேர் மேலே உட்காரவையுங்கள். முன்பக்க உயரம் மாறாமல் இருந்தால் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பொருள். நால்வரும் சேர்ந்து 240 கிலோ, பின்பக்கம் 60 மி.மீ. இறங்கியது என்றால், பின் அச்சுக்கு மில்லிமீட்டருக்கு 4 கிலோ. ஒரு வில்லுக்கு 2. கல்லூரி ஆய்வுக்கூடச் சோதனையேதான். தாங்கிக்குப் பதில் ஜீப், எடைக்கல்லுக்குப் பதில் நண்பர்கள். தாரின் முன்பக்கம் போலச் சக்கரங்கள் தனித்தனியே அசையும் அமைப்பில் வில் கரத்தின் நடுவே அமர்ந்திருப்பதால், இவ்வாறு அளப்பது சக்கரத்தில் தெரியும் மாறிலி. வில்லின் சொந்த மாறிலி அதைவிடக் கூடுதலாக இருக்கும். அங்கே 50 மி.மீ. உயர்த்த 50 மி.மீ. நீண்ட வில் தேவைப்படாது.

ஓர் எடுத்துக்காட்டு. 2590 மி.மீ. வண்டி ஒன்றின் பின் அச்சு காலியாக 580 கிலோ காட்டுகிறது. அச்சும் சக்கரமுமாகச் சுமார் 100 கிலோ வில்லுக்குக் கீழே இருப்பதால் அதைக் கழிக்கவேண்டும். ஒரு வில் தாங்குவது 240 கிலோ. வழக்கமான சுமை பின் அச்சில் 160 கிலோ என்றால், சுமையோடு 320. பழைய வில்லின் மாறிலி 2 என்பதால் காலியாக 120 மி.மீ., சுமையோடு 160 மி.மீ. அமுங்குகிறது. சுமையோடு 50 மி.மீ. உயரவேண்டும் என்பது நம் விருப்பம். மாறிலி 2.4 உள்ள வில்லை எடுத்தால் சுமையோடு 133 மி.மீ. அமுங்கும், விறைப்பாலேயே 27 மி.மீ. கிடைத்துவிட்டது. எஞ்சிய 23 மி.மீட்டரை நீளத்தில் கூட்டினால் போதும். சுமையோடு அதிர்வெண் 1.37, நன்று. ஆனால் காலியாக ஓடும்போது 1.58, குலுக்கும். ஆகவே தினமும் சுமையோடு மலை ஏறும் வண்டிக்கு இந்த வில். வாரத்தில் ஆறு நாள் காலியாக அலுவலகம் போய் ஏழாம் நாள் மட்டும் மலைக்குப் போகும் வண்டிக்குப் பழைய மாறிலியிலேயே 50 மி.மீ. நீண்ட வில்தான் ஏற்றது. இரண்டையும் கடையில் ‘இரண்டு அங்குல லிஃப்ட்’ என்ற ஒரே பெயரில்தான் விற்பார்கள்.

வில் மாறினால் ஷாக் அப்சார்பரும் மாறவேண்டும். அலைவை அடக்கத் தேவையான தடை, மாறிலியின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் உள்ளது. 40 சதவீத விறைப்புக்கு 18 சதவீதம் கூடுதல் தடை. நீளமும் பொருந்தவேண்டும். பழைய ஷாக் குட்டையாக இருந்தால் பள்ளத்தில் சக்கரம் முழுதும் தொங்கும்முன் ஷாக் இழுத்து நிறுத்திவிடும். பிரேக் குழாயும் இழுபடலாம்.

சட்டத்தையும் சொல்லிவிடவேண்டும். தயாரிப்பாளர் தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. எனவே எந்த மாற்றமானாலும் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதிவிடுங்கள்.

புதிய வில் மாட்டிய அன்றே உயரத்தை அளந்து மகிழவேண்டாம். எஃகு சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் சற்றே படியும். அப்போது நான்கு மட்கார்டுகளிலும் மறுபடி அளந்து, சக்கர அலைன்மென்டைப் பார்த்து, முன் விளக்கின் ஒளியைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.